ஒரே வங்கி, ஒரே 4 லட்சம்: அவன் கட்டியதும் நான் கட்டியதும்

#1 தறிமேடை

நேற்று மதியம் என் கல்விக் கடனின் கடைசித் தவணையைக் கட்டினேன். 2012-இல் பொறியியல் படிக்க வாங்கிய கடன். வங்கியை விட்டு வெளியே வந்து பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்தேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இரவுதான் தூக்கம் வராமல் பழைய கணக்கைக் கிளறிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று உறுத்துகிறது; இங்கே வைக்கிறேன்.

எனக்கு ஊர் பள்ளிபாளையம். அப்பா விசைத்தறியில் கூலிக்கு நெய்பவர். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். கலந்தாய்வில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இயந்திரவியல் கிடைத்தது. வீட்டில் முதல் பட்டதாரி என்பதால் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது. விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், இன்னும் கல்லூரி விதவிதமான பெயர்களில் வாங்கியவை எல்லாவற்றுக்கும் சேர்த்து வங்கியில் 4 லட்சம். அதற்கு மேல் கேட்டால் மூன்றாம் நபர் ஜாமீன் வேண்டும் என்றார்கள். தறிக்காரனுக்கு ஜாமீன் போட யார் வருவார்கள்?

விடுதி அறையில் என்னோடு இருந்தவன் திருச்செங்கோட்டுக்காரன். அவன் அப்பாவிடம் இரண்டு ரிக் லாரிகள். ஆழ்துளைக் கிணறு போட ஒன்று எப்போதும் வடக்கே எங்காவது நிற்கும். அவனும் அதே வங்கியில், அதே கிளையில், அதே 4 லட்சம் கடன் வாங்கினான். “உனக்கெதற்கடா கடன்?” என்று கேட்டேன். “எங்கள் ஆடிட்டர் வாங்கச் சொன்னார்” என்றான். எனக்கு அப்போது அது புரியவில்லை.

மதிப்பெண்ணில் நான் அவனைவிடக் கொஞ்சம் மேலே. ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர்கள், ஒரே சாம்பார். கடைசி ஆண்டில் இரண்டு பேருக்கும் ஒரே யோசனை: கோயம்புத்தூரில் வடிவமைப்பு மென்பொருள் பயிற்சி ஆறு மாதம், அதன்பின் ஒரு நிறுவனத்தில் சம்பளமில்லாமல் ஆறு மாதம். முடித்தால் வடிவமைப்புப் பொறியாளர் வேலை. அவன் போனான். நான் ஓசூரில் 11,500 ரூபாய்க்குப் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன். பகல், மதியம், இரவு என்று மூன்று ஷிப்ட். ஒன்றரை ஆண்டு கழித்து அவன் சம்பளம் என்னுடையதைப்போல் மூன்று மடங்கு.

அவனைக் குறை சொல்லவில்லை. நல்லவன். என் தங்கை திருமணத்துக்கு முதல் நாளே வந்து பந்தல் வேலை பார்த்தவன். கேள்வி அவனைப் பற்றியது அல்ல. இருவரும் வாங்கியது ஒரே கடன். அவன் வீட்டில் படிப்பு முடிந்த கையோடு அடைத்துவிட்டார்கள். எனக்கு முடிந்தது நேற்று. கூட்டிப் பார்த்தால் நான் கட்டியது 9 லட்சத்தைத் தாண்டுகிறது. இது எப்படி நடந்தது என்று யாராவது விளக்க முடியுமா?

#2 மண்வெட்டி

கடனை முடித்ததற்கு வாழ்த்துகள், தம்பி. ஆனால் இந்தப் புலம்பல் எனக்கு உவப்பாக இல்லை. நானும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். பெருந்துறைப் பக்கம் மானாவாரிக் காடு ஒன்றரை ஏக்கர். அதில் அரை ஏக்கரை விற்றுத்தான் அப்பா என்னைப் படிக்க வைத்தார். 1994-இல் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இன்று நன்றாகவே இருக்கிறேன். பணக்காரன் பிள்ளைகள் எத்தனை பேர் அப்பன் காசில் ஊர் சுற்றிக் கெட்டுப் போனார்கள் என்று எங்கள் ஊரிலேயே விரல் விட்டு எண்ணிக் காட்டுவேன்.

இன்னொன்றையும் கேட்கிறேன். 2012-இல் தமிழ்நாட்டில் 500-க்கும் மேல் பொறியியல் கல்லூரிகள். வேலை இல்லை என்று அப்போதே எல்லோருக்கும் தெரியும். பாலிடெக்னிக் போயிருந்தால் கடனே இல்லாமல் அதே ஓசூருக்குப் போயிருக்கலாமே?

#3 வகுப்பறை

மண்வெட்டி ஐயா, அரை ஏக்கர் விற்றார் என்கிறீர்கள். விற்க அரை ஏக்கர் இருந்தது. அதைத்தான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் பதினான்கு ஆண்டுகளாகப் பாடம் எடுக்கிறேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்தே மாணவனின் வீட்டு நிலையைச் சொல்லிவிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்துச் சிலர் வரமாட்டார்கள். முதல் நாள் இரவே மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். கேட்டரிங் ஆட்களோடு காய் நறுக்கி, விடிகாலையில் இலை போட்டு, மூன்று பந்தி பரிமாறி, மதியம் அண்டா கழுவிவிட்டு விடுதிக்கு வருவார்கள். கையில் 500 ரூபாய் இருக்கும். மறுநாள் முதல் பாடவேளையில் கண் சிவந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவனிடம் கிட்டப் போனால் ரசவாடை அடித்தது. சட்டை அதுதான், மாற்றுச் சட்டை துவைத்துக் காயவில்லை என்றான்.

75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. கொஞ்சம் குறைந்தால் மருத்துவச் சான்றிதழும் ஒரு கட்டணமும் கொடுத்து மன்னிப்பு வாங்கலாம். பந்தியில் சம்பாதித்தது அதற்கே போய்விடும். இடைத்தேர்வைத் தவறவிட்டிருப்பான், அக மதிப்பெண் குறையும், அரியர் விழும். ஒவ்வொரு அரியர் தாளுக்கும் மறுபடி கட்டணம். அதைக் கட்ட மறுபடி பந்தி. நான்காம் ஆண்டில் வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனம் முதலில் கேட்பதே “அரியர் உள்ளவர்கள் எழுந்து வெளியே போகலாம்” என்பதுதான். எழுந்து போகும் பையன்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வேலை எங்களுடையது.

ஒன்று மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2021-இலிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அந்தப் பிள்ளைகள் முகூர்த்த நாளிலும் வகுப்பில் இருக்கிறார்கள். முன்பு இதே வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். புத்தி திடீரென்று கூடிவிட்டதா என்ன?

#4 பேரேடு

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் ஆறு ஆண்டுகள் கிளை மேலாளர். தறிமேடையின் கேள்விக்குக் கணக்கில் பதில் இருக்கிறது.

ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள் கொடுத்திருப்பார்கள். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓர் ஆண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடும். பலர் “ஐந்து ஆண்டு வட்டி இல்லை” என்று நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை. முதல் லட்சம் ஐந்து ஆண்டு ஓடியிருக்கும், இரண்டாவது நான்கு, மூன்றாவது மூன்று, நான்காவது இரண்டு. கணக்குக்கு 12 சதவீதம், அதாவது மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1,68,000. அசலோடு சேர்ந்து 5,68,000. ஏழு ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 10,030 ரூபாய். மொத்தம் 8,42,000. இடையில் தவணை தவறி அபராத வட்டி ஏறியிருந்தால் 9 லட்சம் என்பது சரிதான்.

இனி ரிக் லாரிக்காரர் மகன். அவர் படிக்கும்போதே மாதாமாதம் வட்டியைக் கட்டியிருப்பார். அப்படிக் கட்டினால் வழக்கமாக 1 சதவீதம் வட்டி குறைப்பார்கள். 11 சதவீதத்தில் நான்கு ஆண்டுக்கு வட்டி 1,10,000. படிப்பு முடிந்ததும் அசலை அடைத்தால் மொத்தம் 5,10,000. அதோடு முடியவில்லை. கட்டிய வட்டியை அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 80ஈ பிரிவில் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடிந்தது. எட்டு ஆண்டு வரை, உச்சவரம்பே இல்லை. ஆடிட்டர் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். வருமான வரி கட்டுகிறவனுக்குத்தானே வரிச் சலுகை? தறிக் கூலிக்கு ஏது வரி!

ஆக, அவருக்கு 5 லட்சத்துக்குக் கிடைத்த அதே பொருள் உங்களுக்கு 9 லட்சம்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். 2009-10 கல்வியாண்டிலிருந்து மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், தவணை தொடங்கும்வரை ஓடும் வட்டி முழுவதையும் அரசே வங்கிக்குக் கொடுத்துவிடும். உங்களுக்கு 1,68,000 ஏறியிருக்கவே கூடாது. தவணை 7,060 ரூபாய் அளவில் தொடங்கியிருக்க வேண்டும். மானியம் ஏன் வரவில்லை? தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தீர்களா?

#5 தறிமேடை

ஐயா, அப்படி ஒரு மானியம் இருப்பதே இன்றுதான் தெரியும்.

சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கியது நினைவிருக்கிறது. வருமானச் சான்றிதழ் நினைவில்லை. கிளைக்குப் போய்க் கோப்பைப் பார்க்க முடியுமா என்று கேட்கிறேன்.

மண்வெட்டி அண்ணனுக்கு: பாலிடெக்னிக் பற்றிச் சொன்னது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பதினேழு வயதில் எனக்கு அதைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. பக்கத்துத் தெருவில் பொறியியல் படித்தவர் ஒருவரே ஒருவர். அவர் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருப்பார். எங்கள் தொழில் ஆலோசனை அவ்வளவுதான்.

9 லட்சத்தில் சேராத இன்னொரு கடனும் உண்டு. வங்கி முதல் தவணைப் பணத்தைக் கல்லூரிக்கு அனுப்ப இரண்டு மாதம் ஆனது. கல்லூரியோ சேர்க்கை நாளன்றே பணம் கேட்டது. அப்பா தறிப்பட்டறை முதலாளியிடம் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முன்பணம் என்றால் என்னவென்று தெரியும். அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. பக்கத்துப் பட்டறையில் மீட்டருக்குக் கூலி கூடக் கொடுத்தாலும் போக முடியாது. வாரக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார்கள். அதற்குள் அம்மாவுக்கு உடம்புக்கு வரும், மறுபடி வாங்க வேண்டியிருக்கும். நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அந்த 40,000 ரூபாய் 65,000 ஆகியிருந்தது. அப்பா அந்தப் பட்டறையை விட்டு வெளியே வந்தது 2019-இல்.

#6 எதிர்த்தரப்பு

நான் அந்த ரிக் லாரி வீட்டுப் பிள்ளையைப் போன்றவன். எங்கள் வீட்டில் அரிசி ஆலை. யாரும் அடிக்க வரமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தேன். நான்கு ஆண்டில் பதினொன்று அரியர். பதினொன்று! அப்பா ஒரே ஒரு முறை கேட்டார்: “முடிப்பாயா, மில்லுக்கு வருகிறாயா?” அவ்வளவுதான். அந்தக் கேள்வியில் மிரட்டல் இல்லை என்பதைக் கவனியுங்கள். எது செய்தாலும் சோறு உண்டு என்று அதற்கு அர்த்தம். இரண்டு ஆண்டு வீட்டில் உட்கார்ந்து அரியர்களை முடித்தேன். ஓர் ஆண்டு சென்னையில் அறை எடுத்துப் போட்டித் தேர்வுக்குப் படித்தேன், கிடைக்கவில்லை. பிறகு வெளிநாட்டில் முதுகலை. இன்று என் தன்விவரக் குறிப்பைப் பார்ப்பவர்களுக்கு மேற்படிப்பு மட்டும்தான் தெரியும். அந்த மூன்று ஆண்டுகள் ஒரு வரியில் கூட இல்லை.

என் வகுப்பில் முதலிடம் பெற்றவனின் அப்பா தபால்காரர். அவன் முதல் வாய்ப்பாக வந்த அழைப்பு மையத்து வேலையிலேயே சேர்ந்தான். மாதக் கடைசியில் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் இருந்தது. அவன் என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரன். எனக்கு ஐந்து முறை தோற்கலாம். அவனுக்கு ஒரு முறை கூட முடியாது. கல்லூரியில் எங்கள் இருவருக்கும் இருந்த பெரிய வித்தியாசம் இதுதான் என்பேன். பைக் எல்லாம் சும்மா.

#7 மண்வெட்டி

எதிர்த்தரப்பு உண்மையைச் சொன்னது பிடித்திருக்கிறது. ஆனாலும் வங்கிக் கடன் வாங்கினால் கட்டத்தானே வேண்டும்? ஊரில் பலர் “கல்விக் கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்யும்” என்று தேர்தலுக்குத் தேர்தல் காத்திருந்து கட்டாமல் விட்டார்கள். அதனால் கெட்டுப்போனது அடுத்து வந்த பிள்ளைகளின் பெயர்.

#8 பேரேடு

அதில் பாதி உண்மை உண்டு. தள்ளுபடி வரும் என்று காத்திருந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கடைசியில் வட்டி ஏறி நின்றதுதான் மிச்சம். மீதிப் பாதியையும் கேளுங்கள். 90 நாள் தவணை வராவிட்டால் கணக்கு வாராக் கடனாகிவிடும். அப்படி ஆன கல்விக் கணக்குகளில் நான் தேடிப் போன வீடுகளில், பையனுக்கு வேலையே இல்லை; அல்லது சம்பளம் 8,000, தவணை 7,000. பிணை இல்லாத கடன் என்பதால் பறிமுதல் செய்ய ஒன்றும் கிடையாது. ஆகவே சில இடங்களில் மானத்தைப் பிடித்தார்கள். மாணவர்களின் படத்தைப் போட்டு பேனர் வைத்த கிளைகள் நம் மாநிலத்தில் உண்டு. சில வங்கிகள் இந்தக் கணக்குகளைத் தனியார் வசூல் நிறுவனங்களுக்கு விற்றன. அந்த ஆட்கள் பேசும் பேச்சு வேறு மாதிரி.

லட்சக் கணக்கில் கல்விக் கடன் வாங்கிய வசதியான வீட்டுப் பிள்ளையின் படம் எந்த பேனரிலும் வந்ததில்லை. அவர்கள் நாணயமானவர்கள் என்பதால் மட்டுமல்ல. மகனுக்கு வேலை இல்லாவிட்டாலும் தவணை அப்பாவின் கணக்கிலிருந்து போய்விடும்.

#9 மெய்யெழுத்து

பெண்பிள்ளைகள் கதையை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன்.

எங்கள் வீடு வசதியும் இல்லை, வறுமையும் இல்லை. அண்ணனுக்குப் பொறியியல், அதற்குக் கடன். எனக்கு உள்ளூர்க் கலைக் கல்லூரி, ஏனென்றால் “உனக்குக் கடன் வாங்கினால் அதை யார் கட்டுவது?” கேட்டவர் என் அம்மா. கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது: எனக்காகச் சேர்த்த 25 பவுன் திருமணத்துக்கு; அதைத் தொடக்கூடாது. சண்டை போட்டு எம்.சி.ஏ.வுக்கு 3 லட்சம் கடன் வாங்கினேன். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் கேட்ட கேள்வி, “கல்விக் கடன் ஏதாவது பாக்கி இருக்கிறதா?” சாதகம் கேட்பதற்கு முன்பே. ஒருவர் வீட்டில் “திருமணத்துக்கு முன் அடைத்துவிட்டால் நல்லது” என்று நாசூக்காகச் சொன்னார்கள். அப்பா 10 பவுனை அடகு வைத்து அடைத்தார். கல்விக் கடன் நகைக் கடனாக மாறியது, அவ்வளவுதான். அதை நான் திருமணத்துக்குப் பிறகு என் சம்பளத்தில் ரகசியமாகக் கட்டினேன்.

வீட்டின் வசதி என்று பேசும்போது, வீட்டுக்குள் அது யாருக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022-இலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் நேராக அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று சிரிக்கிறவர்கள், பஸ்ஸுக்கு அண்ணனிடம் காசு கேட்டு நிற்காதவர்கள்.

#10 வடமராட்சி

வணக்கம். நான் யாழ்ப்பாணம். உங்கள் கணக்குகளை வாசித்துத் திகைத்துப் போனேன். இங்கே அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. 1940-களில் வந்த இலவசக் கல்வியின் பயன். ஆகவே நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தேன், பட்டம் பெறும்போது வங்கிக்கு ஒரு சதமும் கடனில்லை.

அதற்காகக் காசு இல்லாத வீடும் உள்ள வீடும் ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம். எங்களுக்கு அந்த வாசல் முன்னமே வந்துவிடும். பல்கலைக்கழகத்துக்குப் போக உயர்தரப் பரீட்சையில் இசட் புள்ளி, அதாவது தரப்படுத்திய மதிப்பெண், நன்றாக வேண்டும். அதற்கு இரண்டரை வருடம் ரியூசன். பௌதிகத்துக்கு ஒருவர், இரசாயனத்துக்கு ஒருவர், இணைந்த கணிதத்துக்கு ஒருவர். என் அப்பா மீன்பிடிப்பவர். கடலுக்குப் போகாத வாரம் ரியூசனுக்கும் போகவில்லை. மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் அதே மாவட்டத்துக்குள் யாழ் நகரப் பிள்ளையும் தீவுப் பகுதிப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். தகுதி பெற்றவர்களில் சிறு பகுதியினருக்கே இடம். இடம் கிடைக்காத காசுக்காரர் பிள்ளைகளுக்குத் தனியார் நிறுவனங்களும் வெளிநாடும் இருக்கின்றன. மற்றவர்களுக்கு மூன்றாம் தடவையும் மறுபடி பரீட்சை.

உள்ளே போன பின் மகாபொல என்ற அரச உதவித்தொகை அப்போது மாதம் 5,000 ரூபாய் அளவில் வந்தது, வந்தபோது வந்தது. 2022 நெருக்கடியில் அறை வாடகையும் சாப்பாட்டுப் பார்சலும் ஏறிய வேகத்துக்கு அது எந்த மூலைக்கு? எங்கள் தொகுதியில் ஒருவன் வளாகத்தை இடையில் விட்டுவிட்டு கத்தாருக்குப் போனான். கடன் எதுவும் இல்லை. வீட்டில் சோறு இல்லை, அதனால் போனான்.

#11 நெறியாளர்

இலங்கை பற்றிய பதிவுக்கு நன்றி. அதைத் தொடர்ந்து வந்த நான்கு அரசியல் பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கல்வியும் கடனும் பற்றி மட்டும் எழுதுங்கள்.

#12 எதிர்த்தரப்பு

பேரேடு ஐயாவிடம் ஒரு கேள்வி. புதிதாக ஏதோ பிரதமரின் வித்யாலட்சுமி என்று வந்திருக்கிறதாமே? தறிமேடையின் நிலை இனி யாருக்கும் வராதா?

#13 பேரேடு

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள வீடுகளுக்கு 10 லட்சம் வரையிலான கடனில், தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டி மானியம். ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்கள். பிணையும் ஜாமீனும் கேட்கக்கூடாது. நல்லது. ஆனால் தேசியத் தரவரிசையில் மேலே உள்ள, அப்போதைய கணக்கில் சுமார் 860 நிறுவனங்களில் படிப்பவர்களுக்குத்தான். அந்தக் கல்லூரிகளுக்குள் நுழைய யாருக்கு அதிகம் வாய்க்கிறது என்று வடமராட்சி சொன்னதை மறுபடி வாசியுங்கள். தறிமேடை படித்தது போன்ற கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்புக் குறைவு.

4.5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கான பழைய முழு வட்டி மானியம் தொடர்கிறது. ஆனால் 2018-இலிருந்து தேசிய மதிப்பீட்டு அமைப்புகளிடம் அங்கீகாரத் தரம் பெற்ற கல்லூரிகளுக்கும் படிப்புகளுக்கும் என்று சுருக்கிவிட்டார்கள். சேரும் முன்பே கல்லூரியில் கேட்டுக்கொள்ள வேண்டும். யார் கேட்கிறார்கள்? தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். என் கிளையில் மானியத்துக்கான தாள்களை வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்தவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். அவருக்கு அண்ணன் மகன் வங்கியில். கூலிக்காரர்கள் மேலாளர் மேசைக்கு முன்னால் உட்காரவே தயங்குவார்கள். நாங்களும் வரிசை நீளமாக இருந்த நாட்களில் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னதில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

#14 தறிமேடை

பத்து நாட்களாக வர முடியவில்லை, மன்னிக்கவும். கிளைக்குப் போனேன். இப்போதுள்ள துணை மேலாளர் இளம்பெண், பொறுமையாகப் பழைய கோப்பைத் தேடி எடுத்தார். நான் தயங்கி நிற்பதைப் பார்த்து அவரே நாற்காலியைக் காட்டினார்.

கோப்பில் என் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் நகல், கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், அப்பாவின் கட்டைவிரல் அளவுப் புகைப்படம். வருமானச் சான்றிதழ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தாள். தறிப்பட்டறை முதலாளியின் பில் புத்தகத்து முத்திரை. “இவர் எங்களிடம் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறார், மாத வருமானம் ரூ.14,000” என்று நீல மையில் எழுதிக் கையெழுத்து. அப்பா வாரத்துக்கு 1,800 ரூபாய் வாங்கிய காலம் அது.

பார்த்தவுடன் நினைவு வந்துவிட்டது. வங்கிக்குப் போகும் முன் யாரோ அப்பாவிடம், “வருமானம் குறைவாக இருந்தால் கடன் தரமாட்டார்கள்” என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே தாசில்தார் அலுவலகம் வேண்டாம் என்று முடிவு செய்து முதலாளியிடம் போய், கொஞ்சம் கூட்டி எழுதித் தரச் சொன்னார். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கூலி இல்லாமல் பட்டறையில் பாவு ஏற்றிக் கொடுத்தார். நானும் கூடவே இருந்தேன். அறுந்த இழைகளை நான்தான் முடிந்துகொண்டிருந்தேன்.

14,000 என்றாலும் ஆண்டுக்கு 1,68,000 தான், 4.5 லட்சத்தை விட மிகக் குறைவு. கூட்டி எழுதியதும் வீண். மானியத்துக்கு அரசு அதிகாரி கொடுத்த சான்றிதழ்தான் செல்லும், இந்தத் தாள் செல்லாது. அதனால் என் பெயரை அனுப்பவே இல்லை. அந்த ஆண்டுகளுக்கு இனிமேல் கேட்க வழி இல்லை என்று துணை மேலாளர் சொன்னார். பேரேடு ஐயா சொன்ன அதே 1,68,000 மறுபடி வருவதைக் கவனித்தீர்களா? அப்பாவின் ஓர் ஆண்டு வருமானம் என்று அந்தத் தாள் சொன்ன தொகை.

நிலுவையின்மைச் சான்று வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பா திண்ணையில் இருந்தார். “கடன் தீர்ந்ததா?” என்றார். தீர்ந்தது என்றேன். தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மற்றதை அவரிடம் சொல்லவில்லை.

#15 மண்வெட்டி

தம்பி, அன்று புலம்பல் என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

பாலிடெக்னிக் பற்றிச் சொன்னதை எடுத்துக்கொள்ளவில்லை.

#16 தறிமேடை

அதை எடுக்க வேண்டாம், அண்ணா. சித்தி மகனுக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

#17 புதியவள்

இந்த இழையை இன்று காலைதான் பார்த்தேன். என் மகள் இந்த ஆண்டு கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறாள். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், நான் வீட்டில் தையல். எங்களிடமும் ஒருவர், “வருமானம் குறைவாகக் காட்டாதீர்கள், கடன் கிடைக்காது” என்று சொல்லியிருக்கிறார். வருமானச் சான்றிதழ் எங்கே வாங்குவது? கடனுக்கு முன்பா, பின்பா?

#18 பேரேடு

முன்பே வாங்குங்கள், அம்மா. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். உள்ள வருமானத்தை உள்ளபடி எழுதுங்கள். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குப் பிணையே கிடையாது. உங்கள் வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் கடன் அல்ல அது, மகளின் படிப்பைப் பார்த்துக் கொடுப்பது. வாய்மொழியாக மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கடன் அனுமதியாகும் நாளில் சான்றிதழின் நகலைக் கொடுத்து, வட்டி மானியத்துக்கு என் மகளின் பெயரைச் சேருங்கள் என்று ஒரு கடிதமும் கொடுங்கள். இன்னொரு நகலில் கிளையின் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் கணக்கு விவரம் எடுத்து மானியம் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்தப் படிப்புக்கு அங்கீகாரத் தரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

#19 புதியவள்

மேலாளர் முன்னால் இதையெல்லாம் எனக்குப் பேச வராது, ஐயா. இதை அப்படியே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகலாமா?

#20 மெய்யெழுத்து

நீங்கள் எந்த ஊர்? ஈரோடு பக்கம் என்றால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.